முட்டை போடாத கீஷ்

இல்லக்கா, உட்காரலை. நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிடறேன். நீங்க மீன் ஆய்ஞ்சுக்கிட்டே இருங்க, எனக்காக வேலையை விட வேண்டாம். நான் யாருன்னு தெரியுதுங்களா? சகாயம். சனிக்கிழமை சனிக்கிழமை அருள்ஜோதி சார் வீட்டுக்கு பேக்கரியிலேர்ந்து அட்டைப்பெட்டி கொண்டு வருவேனே, அந்த சகாயம். நீங்கதான் கதவு திறப்பீங்க, இடுப்புல பாப்பா இருக்கும். "பாருடி சுடரு, உன் கீஷ்காரன் வந்துட்டான்"னு சொல்லுவீங்க. இன்னிக்குக் காலைப் பூசைக்குப் போட்ட சட்டை, அதான் அடையாளம் தெரியலை உங்களுக்கு. எப்பவும் மாவோட பார்த்திருப்பீங்க.

வீட்டைக் கண்டுபிடிக்கிறது ஒண்ணும் கஷ்டமா இல்லை. வம்பாகீரப்பாளையத்துல பச்சையம்மா வீடுன்னு கேட்டேன். "எந்தப் பச்சையம்மா, புள்ளை வளர்க்கப் போச்சே, அதுவா?"ன்னு மூணு பேர் கை காட்டினாங்க. நாலாவதா ஒரு அம்மா வேற மாதிரி கேட்டாங்க. அதை விடுங்க.

நல்ல சேதிதாங்க்கா. எங்க பேக்கரியில ஒரு ஆள் எடுக்கறாங்க. காலையில ஏழு மணிக்கு வந்தா போதும். தட்டு கழுவணும், காய் நறுக்கணும், மத்தியானம் சாப்பாடு அங்கேயே. முதலாளிகிட்ட நானே பேசிட்டேன். நல்ல அம்மா, கைசுத்தமான அம்மா, நான் உத்தரவாதம்னு சொன்னேன். அவர் அப்படியெல்லாம் யாரையும் சேர்க்க மாட்டார். நான் சொன்னதால சரின்னார். நாளைக்கே வரலாம் நீங்க.

எதுக்கு நீ எனக்காகப் பேசணும்னு பார்க்கறீங்க. நியாயம்தான். நமக்குள்ள என்ன பழக்கம், கதவு திறப்பீங்க, பெட்டியைக் கொடுப்பேன், அவ்வளவுதான். ஆனா மனுசனுக்கு மனுசன் ஒத்தாசை இல்லையா. நீங்க அந்த வீட்டை விட்டு வந்து ஏழு வாரம் ஆச்சு. சரியாச் சொன்னா ஆறு வாரம் ஆறு நாள். அந்தத் தெருவுல வேற எந்த வீட்டுலயும் உங்களைச் சேர்க்க மாட்டேங்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். மனசு கேட்கலை. அதான்.

உட்காரணுமா? சரி, உட்கார்றேன். இந்த முக்காலி போதும். டீயெல்லாம் வேண்டாம்க்கா.

என்ன வேலைன்னா, சொன்னேனே, காய் நறுக்கணும். கீஷுக்குத்தான் நிறையக் காய் வேணும். நீங்க பாப்பாவுக்கு ஊட்டினீங்களே தவிர, அது எப்படிப் பண்றதுன்னு உங்களுக்குத் தெரியாது இல்ல? தெரிஞ்சுக்கிட்டா நல்லது. மைதாவுல குளுந்த வெண்ணெயை உதிர்த்துப் போட்டு, ஐஸ் தண்ணி தெளிச்சுப் பிசையணும். சப்பாத்தி மாதிரி அழுத்திப் பிசைஞ்சா போச்சு, கல்லாயிடும். தேய்ச்சு, ஓரம் வச்ச தட்டுல பரப்பினா அதுதான் ஓடு. முதல்ல வெறும் ஓட்டை மட்டும் சுடணும். அப்புறம் அதுக்குள்ள முட்டையும் பாலும் கிரீமும் அடிச்சு ஊத்தி, காயைப் போட்டு, மறுபடி சுடணும். பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போனது. நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு அது காலைப் பலகாரம்.

சாரும் மேடமும் முதல் தடவை கடைக்கு வந்தப்போ நான்தான் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாடி நின்னேன். மேடம் ரொம்ப நேரம் அதையே பார்த்தாங்க. "முட்டை இல்லாமப் பண்ண முடியாதா தம்பி?"ன்னாங்க. முதலாளி சிரிச்சிட்டார். "முட்டை இல்லாத கீஷா? உளுந்து இல்லாத வடை கேட்கற மாதிரி இருக்கும்மா"ன்னார். சார் உடனே, அவர் பேசற மாதிரிதான் மெதுவா, "பருப்பு வடைன்னு ஒண்ணு இருக்குதுங்களே"ன்னார். எனக்கு அந்த மனுசனை அப்பவே பிடிச்சுப் போச்சுக்கா. "ஒரு வாரம் கொடுங்க சார், நான் பண்ணித் தர்றேன்"னு சொல்லிட்டேன்.

அவங்க எப்படிப்பட்டவங்கன்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடலூர் வழி. வீட்டுல விளக்கை அணைய விடமாட்டாங்க. சர்க்கரை டப்பாவுல எறும்பு ஏறினாக்கூட வெயில்ல வச்சு, அதுவாப் போற வரைக்கும் காத்திருப்பாங்கன்னு நீங்கதான் ஒரு தடவை சொல்லிச் சிரிச்சீங்க. "எறும்புக்குத் தாம்பூலம் வச்சு அனுப்பறாங்கடா தம்பி"ன்னு.

முதல்ல சோளமாவுல பண்ணேன், கூழாட்டம் வந்துச்சு. அப்புறம் வெறும் பனீரை அரைச்சு வச்சேன், தொண்டையில விக்குச்சு. மூணாவதுதான் சரியா வந்துச்சு. கடலைமாவைப் பால்ல கரைச்சு, புளிக்காத தயிர் ரெண்டு கரண்டி விட்டு, அடுப்புல வச்சு, பச்சை வாசனை போற வரைக்கும் கிண்டணும். இறக்கி வச்சு, உதிர்த்த பனீர், மிளகு, ஒரு சிட்டிகை ஜாதிக்காய். காய் என்னன்னா, கேரட், பீன்ஸ், குடைமிளகாய், கீரை. கீரையை வதக்கிப் பிழியணும், இல்லைன்னா ஓட்டுக்குள்ள தண்ணி விட்டுடும். கத்தி வச்சு வெட்டினா அப்படியே முட்டை கீஷ் மாதிரி நிக்கும்.

அதுல ஒரு கூத்து. யாரோ சொன்னாங்கன்னு கருப்பு உப்பு கொஞ்சம் போட்டேன். அது போட்டா முட்டை வாசனை வரும். அசல் மாதிரி இருக்கட்டுமேன்னு ஒரு பெருமை எனக்கு. மேடம் பெட்டியைத் திறந்தாங்க, மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. "தம்பி, இதுல முட்டை இருக்கு"ன்னாங்க. நான் உப்பு டப்பாவைக் கொண்டு வந்து அவங்க கையில கொட்டிக் காட்டின பிறகுதான் நம்பினாங்க. அந்தப் பெட்டியை அப்பவும் தொடலை. வாசனைக்கே தொடலை, பாருங்க. அதுக்கப்புறம் கருப்பு உப்பை விட்டுட்டேன். எட்டு மாசம், ஒரு சனிக்கிழமை தவறாமக் கொண்டு வந்தேன். ஒரு குறை சொன்னதில்லை. சார் ஓட்டைத்தான் முதல்ல கடிப்பார், தெரியுமா? "ஓரம்தான்டா தம்பி அருமை, மொறுமொறுன்னு, மினுமினுன்னு"ன்னு சொல்லுவார். பாப்பா மட்டும் ஓட்டை ஒதுக்கிட்டு உள்ள இருக்கறதை மட்டும் சாப்பிடும்னு நீங்க சொல்லுவீங்க.

அவ்வளவுதாங்க்கா வேலை. நீங்க நாளைக்கு வந்தீங்கன்னா—

என்னக்கா?

அழாதீங்க. மீன் கையோட கண்ணைத் துடைக்காதீங்க, எரியும். என்ன சொல்றீங்க, எனக்குப் புரியலை. பாப்பா ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்குக் காலையில நீங்களா? இங்க வீட்டுல? அவிச்ச முட்டை. சரி. சாப்பிட்டுட்டுத்தானே எல்லாரும் வேலைக்குப் போறோம், அதுல என்ன. கை கழுவினீங்களா இல்லையான்னா? கழுவியிருப்பீங்க. சோப்புப் போட்டீங்களான்னு ஞாபகம் இல்லைன்னா அதுக்கு என்ன இப்போ?

அந்தக் கையாலதான் பாப்பாவுக்குத் தயிர்ச்சோறு ஊட்டினீங்க. அதான் இந்த ஏழு வாரமா.

ஏழு வாரமா நீங்க அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கீங்களா? நீங்கதான்னு? மேடம் கேட்டப்போ வாயே திறக்காம வந்துட்டீங்கன்னு தெருவுல சொன்னாங்க. நான் என்ன நினைச்சேன்னா, கோபத்துல வந்துட்டீங்கன்னு நினைச்சேன். மானஸ்தி, பதில் சொல்லப் பிடிக்காம வந்துட்டாங்கன்னு நினைச்சேன். உங்க கைதான்னு நீங்களே நம்பிக்கிட்டு இருப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்லைக்கா. தோணியிருந்தா முதல் வாரமே வந்திருப்பேன். வந்திருப்பேன்னுதான் நினைக்கறேன்.

கொஞ்சம் தண்ணி கொடுங்க.

ஒண்ணு விட்டுட்டேன். கீஷ் பண்றதுல ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். வெறும் ஓட்டை முதல்ல சுடணும்னு சொன்னேன் இல்ல? சுட்டு எடுத்ததும், அது சூடா இருக்கறப்பவே, உள்பக்கமும் ஓரமும் பிரஷ்ஷால ஒரு பூச்சுப் பூசணும். பூசிட்டு ரெண்டு நிமிசம் மறுபடி அடுப்புல தள்ளணும். அப்பத்தான் உள்ள ஊத்தறது ஓட்டுல இறங்காது, ஓடு நமுத்துப் போகாது. ஓரத்துக்கு மினுமினுப்பும் அதுலதான் வரும். எந்தக் கீஷுக்கும் அதைப் பண்ணணும். எனக்குக் கத்துக் கொடுத்தவர் முதல் நாளே சொன்னது அது. ஒன்பது வருசமாப் பண்றேன். பிரஷ் ஒரு கிண்ணத்துல எப்பவும் இடது பக்கமா இருக்கும். ஓடு வெளிய வந்தா கை தானாப் போகும், நாம செருப்பு மாட்டற மாதிரி.

அந்தக் கிண்ணத்துல இருக்கறது வெள்ளைக்கரு.

முட்டை இல்லாத கீஷ் பண்ணணும்னு நான் எவ்வளவு யோசிச்சேன் பாருங்க. கடலைமாவா சோளமாவான்னு யோசிச்சேன். தயிர் எத்தனை கரண்டின்னு யோசிச்சேன். கரண்டியைக்கூடத் தனியா வச்சேன் அக்கா, முட்டை அடிக்கற கரண்டி படக்கூடாதுன்னு. எல்லாம் உள்ள ஊத்தறதைப் பத்தித்தான். ஓடு என் கணக்குலயே வரலை. ஓடுன்னா மாவு, வெண்ணெய், தண்ணி. பூச்சு எனக்கு ஒரு பொருளாவே தெரியலை. அது ஒரு கைப்பழக்கம்.

பாப்பாவுக்கு மூணு வயசு முடிஞ்ச அந்தச் சனிக்கிழமை, அதுக்குன்னே உள்ளங்கை அளவுல ஆறு குட்டிக் கீஷ் பண்ணிக் கொண்டு வந்தேன், ஞாபகம் இருக்கா? ஆர்டர்ல இல்லாதது. நானாக் கொண்டு வந்தது. குழந்தை பார்த்ததும் ஆசைப்படணும்னு ஓரத்துக்கு ரெண்டு பூச்சுப் பூசினேன். கருகிடக் கூடாதுன்னு சீக்கிரமே வெளிய எடுத்துட்டேன். பளபளன்னு இருந்துச்சு. "இன்னிக்கு ஓட்டோட தின்னுதுடா தம்பி, ரெண்டு முழுசா"ன்னு நான் கிளம்பறதுக்குள்ள நீங்க வாசல்ல சொன்னது இன்னும் காதுல இருக்கு. நான் சந்தோசமாச் சைக்கிளை மிதிச்சுக்கிட்டுப் போனேன்.

உங்க கை இல்லைக்கா. உதடு வீங்கினது, உடம்பெல்லாம் தடிச்சது, மூச்சு இழுத்தது, ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தது, எதுவும் உங்க கையால இல்லை.

திட்டுங்க வேணும்னா.

அப்போ தெரியாது எனக்கு, அது சத்தியம். திங்கட்கிழமை சார் கடைக்கு வந்தார். தூங்காத கண்ணு. "தம்பி, டாக்டர் முட்டை ஒத்துக்கலைன்னு சொல்றார். எங்க வீட்டுல முட்டை ஏது? மறைக்காமச் சொல்லு, உன் பண்டத்துல ஏதாவது?"ன்னார். முதலாளி கல்லாவுலேர்ந்து எட்டிப் பார்க்கறார். நான் எங்கம்மா மேல சத்தியம் பண்ணேன். ஒரு சொட்டு இல்லை சார்னேன். மனசாரத்தான் சொன்னேன். மறுநாள் காலையில முதல் ஓடு வெளிய வந்துச்சு, கை பிரஷ்ஷை எடுத்துச்சு, பாதி பூசினப்புறம்தான் பார்த்தேன் என்ன பண்றேன்னு. அந்த ஓடு கையிலேர்ந்து விழுந்து நொறுங்கிப் போச்சு. முதலாளி, "என்னடா, வயசாயிடுச்சா உனக்கு?"ன்னார். ஆமாம்னேன்.

அன்னைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். பெட்டி மேல "முட்டை இல்லை"ன்னு முதலாளி பச்சைச் சீட்டு அடிச்சு ஒட்டறார். சொன்னா என்னை வேலையில வச்சுக்க மாட்டார். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சாரை நினைச்சுப் பாருங்க. எட்டு மாசம் அவர் முட்டை தின்னிருக்கார்னு எப்படிச் சொல்றது? தெரியாம இருக்கறவங்களுக்குப் பாவம் இல்லை, தெரிஞ்சுட்டா மனசு உடைஞ்சிடும்னு நினைச்சேன். அவருக்காகத்தான் சொல்லலை. பாதி அவருக்காக.

ஆனா நான் சும்மா இல்லைக்கா. அடுத்த நாள்லேர்ந்து வெண்ணெயைத்தான் உருக்கிப் பூசறேன், எல்லாக் கீஷுக்கும். வெள்ளைக்கருக் கிண்ணத்தைத் தூக்கிப் போட்டுட்டேன். "முன்னை மாதிரி ஓரம் மினுங்கலையே தம்பி"ன்னு மேடம் சொன்னாங்க. ஆமாம், இன்னும் வாங்கறாங்க. "வெளியில நாங்க நம்பி வாங்கறது உன் கையால மட்டும்தான்"னாங்க. பாப்பா என் காலுக்குப் பின்னாடி எட்டிப் பார்க்குது. "பச்சம்மா வரலையா"ன்னு கேட்குது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்குது. நான் பெட்டியைக் கொடுத்துட்டு ஓடி வந்துடறேன்.

மாதா கோயில்லயும் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்துல. முழுசாச் சொல்லலை, கவனக்குறைவால ஒருத்தருக்குக் கெடுதல் பண்ணிட்டேன்னு சொன்னேன். சாமியார் மூணு ஜெபம் சொல்லச் சொன்னார். நான் முப்பது சொன்னேன். அப்புறமும் சரியாகலை, அதான் இந்த வேலை விசயமா முதலாளிகிட்டப் பேசினேன். உங்களுக்கு ஒரு வழி ஆயிட்டா எல்லாம் நேராயிடும்னு.

ஆமாங்க்கா. இன்னும் ஒண்ணு இருக்கு. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

சார் அன்னைக்குக் கடையில நின்னப்போ உங்க பேச்சே எடுக்கலை. சந்தேகமும் படலை. என் சத்தியத்தைக் கேட்டுட்டு, "அப்போ எப்படிடா?"ன்னு தலையில கை வச்சுக்கிட்டு நின்னார். முதலாளி என்னையே பார்க்கறார். நான்தான் சொன்னேன். "வீட்டுல வேலை செய்யறவங்க அவங்க சாப்பாட்டுல ஒரு வாய் கொடுத்திருப்பாங்க சார். பாசத்துல கொடுக்கறதுதானே"ன்னு. பாசத்துலன்னு சேர்த்துச் சொன்னேன் அக்கா. உங்களைத் தப்பாச் சொல்லலை. "எங்க பச்சையம்மா அப்படிச் செய்யாது"ன்னு சார் சொன்னார். சொல்லிட்டு வாசல் வரைக்கும் போனார். போய் நின்னார். திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் போயிட்டார். சாயங்காலம் உங்களை அனுப்பிட்டாங்க.

ஒரு வார்த்தைதான். யோசிக்காம வந்த வார்த்தை.

எழுந்துட்டீங்க. ஏன் மீனை மூடி வைக்கறீங்க, பாதிதானே ஆச்சு? கையைக் கழுவறீங்க. சரி, கழுவுங்க. எவ்வளவு நேரம் கழுவறீங்க. போதும்க்கா, தோல் உரிஞ்சிடும். உங்க கையில ஒண்ணும் இல்லைன்னுதானே இவ்வளவு நேரம் சொன்னேன்.

செருப்பை எதுக்கு மாட்டறீங்க? இப்பவேவா? இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. அதனாலதான் சார் வீட்டுல இருப்பார்ங்கறது சரிதான், நான் இல்லைங்கலை. நான் என்ன சொல்றேன்னா, வெயில் தாழட்டும். இல்லைன்னா நான் மட்டும் முதல்ல மேடம்கிட்டப் பேசறேன், பதமா எடுத்துச் சொல்லி, அப்புறம் உங்களைக் கூப்பிட்டு அனுப்பறேன். இல்லைன்னா ஒரு கடுதாசி. நான் நல்லா எழுதுவேன்க்கா.

பூட்டிட்டீங்க. சரி, வர்றேன். மெதுவா நடங்க.

வேலை வேண்டாமா உங்களுக்கு? புரியுது. வேலைக்காக நீங்க அழலைன்னு புரியுது. நாப்பது நாள் குழந்தையிலேர்ந்து தூக்கி வளர்த்திருக்கீங்க. அதுக்கு நான் தட்டு கழுவுற வேலையைக் கொண்டு வந்து நீட்டினேன். எனக்கு வேற என்ன கொடுக்கறதுன்னு தெரியலைக்கா. என்கிட்ட இருந்தது அதுதான். இல்லை, இதுவும் இருந்துச்சு. இதைக் கொடுக்கத்தான் பயம்.

அந்த அம்மா பார்க்கறாங்க பாருங்க, கிணத்தடியில. நாலாவதாக் கேட்டாங்கன்னு சொன்னேனே, அவங்கதான். "முட்டை ஊட்டின பச்சையம்மாவா?"ன்னு கேட்டாங்க. நான் ஆமாம்னு சொல்லித்தான் வழி கேட்டுக்கிட்டு வந்தேன்.

நிக்கறீங்களே. அவங்ககிட்டயுமா? சரிக்கா. வரும்போது சொல்றேன். கட்டாயம் சொல்றேன்.

வாய்க்காலைத் தாண்டியாச்சு. இன்னும் ரெண்டு தெரு. அக்கா, ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். நீங்க முதல்ல பேசுங்க, நான் பின்னாடியே ஆமாம் ஆமாம்னு சொல்லிடறேன். நீங்க சொன்னா அவங்க பொறுமையாக் கேட்பாங்க. என்னை விட உங்களை அவங்களுக்கு நல்லாத் தெரியும். மாட்டீங்களா. நீங்க ஏன் பேசணும், ஆமாம். நீங்க பேச என்ன இருக்கு.

வந்துட்டோம். பெல்லை நான் அடிக்கறேன், ஒரு நிமிசம் இருங்க, மூச்சு வாங்குது. அடிச்சிட்டீங்க.

ஏன் படியிறங்கிக் கீழ நிக்கறீங்க? மேல வாங்க, என் பக்கத்துல வாங்க. அவங்க கூப்பிடாம ஏற மாட்டீங்க. சரி.

பாப்பா குரல் கேட்குது. தாழ் எடுக்கறாங்க.

சார். நான் சகாயம். இல்லை சார், டெலிவரி இல்லை, ஞாயித்துக்கிழமை. கீழ நிக்கறது பச்சையம்மா அக்காதான். சார், கதவைச் சாத்தாதீங்க. அவங்க ஒண்ணும் கேட்டு வரலை, நான்தான் வந்தேன். நான்தான் பேசணும். மேடத்தையும் கூப்பிடுங்க சார், ரெண்டு தடவை சொல்ல என்னால ஆகாது. பாப்பாவுக்கு முட்டை கொடுத்தது அக்கா இல்லை. நான். உங்களுக்கும் எட்டு மாசமாக் கொடுத்தது நான்தான் சார்.